இருபதாவது பிரசவம்

கேஸ் புத்தகத்தில் பத்தொன்பது பக்கம் நிரம்பிவிட்டது. பாக்கி ஒன்று. அந்த ஒன்றுக்காகத் திரிபுரசுந்தரி மூன்று நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

நர்ஸிங் மூன்றாம் வருஷ மாணவி ஒவ்வொருத்தியும் தன் கையால் இருபது சுகப்பிரசவம் பார்த்து, ஒவ்வொன்றையும் எழுதி, லேபர் ரூம் சிஸ்டரிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். இருபது இருந்தால்தான் மார்ச் மாதப் பரீட்சை. ஆபரேஷன் ஆனது கணக்கில் சேராது. சுந்தரிக்கு லேபர் ரூமில் இன்றுதான் கடைசி நாள். பகல் இரண்டு மணிக்கு டியூட்டி முடிந்தால் திங்கட்கிழமை முதல் எலும்பு முறிவு வார்டு.

மார்ச் பரீட்சையை விட்டால், அடுத்த லேபர் ரூம் முறையில் பாக்கியை முடித்து செப்டம்பரில் எழுதலாம். ஆனால் அப்பா விடமாட்டார். ராஜாராமன் ரயில்வேயில் ஹெட் கிளார்க். நர்ஸ் படிப்பா என்று முகம் சுளித்தவர், "ஒரே ஒரு பரீட்சை போனாலும் அதோட சரி. வீட்டுக்கு வந்துடணும்" என்று சொல்லித்தான் மனுவில் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமைதோறும் அவளை ஞாயிறு லீவுக்கு வீட்டுக்கு அழைத்துப்போக அஸ்தினாபுரத்திலிருந்து தாம்பரம் வந்து, ஆஸ்பத்திரி வாசலில் குடையோடு நிற்பார். முதல் கேள்வி, "எத்தனை ஆச்சு?" என்பதுதான். இன்று சனிக்கிழமை.

பதினொன்றரை மணிக்கு ஆட்டோவிலிருந்து ஒரு பெண்ணை இறக்கினார்கள். ஞானஜோதி. ஊர் திருமுடிவாக்கம். தலைப்பிரசவம்.

லேபர் ரூம் கதவருகே ஒரு சிலேட் தொங்கும். யார் பெயர் மேலே இருக்கிறதோ, அடுத்து வரும் கேஸ் அவளுக்கு. மேலே இருந்த பெயர் பேபி, சுந்தரியோடு படிப்பவள். பேபி டீ குடிக்கப் போயிருந்தாள். சுந்தரி இரண்டு பக்கமும் பார்த்தாள். உள்ளங்கையால் சிலேட்டைத் துடைத்தாள். தன் பெயரை எழுதினாள்.

ஐந்து நிமிஷத்தில் பேபி வந்துவிட்டாள்.

"இன்னாடி இது? டீ குட்ச்சினு வர்றதுக்குள்ள என் பேரத் தொடச்சிட்டியா?"

"எனக்கு இன்னிக்கோட முடியுது பேபி. உனக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கே."

"வாயத் தொறந்து கேட்டிருந்தா நானே குட்த்திருப்பேன். சொல்லாம கொள்ளாம தூக்கினு போனே பாரு, அதான் பேஜாரா கீது." பேபி விருட்டென்று அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அங்கே லேபர் ரூம் சிஸ்டர் சாவித்ரி இன்னொரு பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுந்தரிக்குக் காது சுட்டது. ஆனாலும் கேஸ் அவளுடையது.

"சிஸ்டர், இன்னும் எம்மா நேரம் ஆவும்?" என்று ஞானஜோதி பல்லைக் கடித்தாள்.

"நான் சிஸ்டர் இல்லம்மா. ஸ்டூடண்ட்."

"நீ யாரா வேணா இரு. சீக்கிரம் வெளிய எடு தாயி!"

சுந்தரிக்குச் சிரிப்பு வந்தது. சின்னப் புனல் போன்ற அலுமினியக் குழலை ஞானஜோதியின் வயிற்றில் பதித்து, மறுமுனையில் காதை வைத்தாள். உள்ளே குதிரைக் குளம்பு போல ஓர் ஓட்டம். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நூற்று நாற்பது. நூற்றிருபதுக்குக் கீழே இறங்காதவரை கவலை இல்லை. கால் மணிக்கு ஒருமுறை கேட்டு, சார்ட்டில் எழுதினாள். நூற்று முப்பத்தாறு. நூற்று நாற்பது. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு வலி வந்து அடங்கியது. குழலை வைத்தாள். குளம்பொலி தள்ளாடியது. ஒரு முழு நிமிஷம் எண்ணினாள்.

நூற்று நான்கு.

குழல் சரியாகப் பதியவில்லை என்று சொல்லிக்கொண்டாள். வலி வந்தால் கொஞ்சம் குறையும், அப்புறம் ஏறிவிடும் என்றும் சொல்லிக்கொண்டாள். கூப்பிட்டால் டாக்டர் வருவார். டாக்டர் வந்தால் ஆபரேஷன் தியேட்டர். தியேட்டர் என்றால் பத்தொன்பதுதான். பேனா சார்ட்டின்மேல் நின்றது. பிறகு எழுதியது: 128.

ஞானஜோதி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. "உள்ள நல்லா கீதா?"

"நல்லா இருக்கு" என்றாள் சுந்தரி. அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

அடுத்த கால் மணிக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த வலி முடிந்ததுமே குழலை வைத்தாள். தொண்ணூற்றாறு. காத்திருந்தாள். ஏறவில்லை. அந்த ஓட்டம் களைத்துப்போன யாரோ நடப்பது போலிருந்தது. அது தன் இருபதாவது கேஸ் என்பது அப்போதுதான் அவளுக்கு மறந்தது.

ஞானஜோதியை இடது பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, ஆக்ஸிஜனைத் திறந்துவிட்டு, சார்ட்டோடு அடுத்த அறைக்கு ஓடினாள்.

"சிஸ்டர், குழந்தையோட துடிப்பு குறையுது."

சாவித்ரியின் கைகள் இரண்டும் வேலையில் இருந்தன. "சார்ட்டைக் காட்டு." கழுத்தை நீட்டிப் பார்த்தார். "இப்பத்தானே நூத்தி இருபத்தெட்டு எழுதியிருக்கே? நீ பயத்துல தப்பா எண்ணியிருப்பே. இதை முடிச்சுட்டு நானே வந்து கேக்கறேன். பத்து நிமிஷம்."

பத்து நிமிஷம். சும்மா இருந்துவிடலாம். அதற்குள் பிரசவமே ஆனாலும் ஆகலாம்.

"அது பொய், சிஸ்டர்" என்றாள் சுந்தரி. "அப்போ கேட்டதே நூத்தி நாலுதான். நான்தான் மாத்தி எழுதினேன். இப்போ தொண்ணூத்தாறு."

சாவித்ரி நிமிர்ந்தார். "பேபி, டாக்டர்..." என்று ஆரம்பித்தார். பேபியின் செருப்புச் சத்தம் அதற்குள் மாடிப்படியில் கேட்டது.

ஒன்றரை மணிக்குத் தியேட்டரிலிருந்து அழுகை வந்தது. முதலில் பூனைக்குட்டி போல. பிறகு ஆஸ்பத்திரிக்கே கேட்கும்படி. ஆண் குழந்தை. கழுத்தில் இரண்டு சுற்று தொப்புள்கொடி.

டாக்டரம்மா வெளியே வந்து, "துடிப்பு குறைஞ்சதை முதல்ல கேட்டது யாரு?" என்றார்.

"இவதான் டாக்டர்" என்றார் சாவித்ரி. "பொய் எழுதினதும் இவதான்."

சாவித்ரி சார்ட்டையும் சிவப்புப் பேனாவையும் சுந்தரியிடம் நீட்டினார். "அழிக்காதே. ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு, கேட்டதை எழுதி, கையெழுத்துப் போடு. திங்கட்கிழமை மேட்ரன் கூப்பிடுவாங்க. அங்கேயும் இதே மாதிரி சொல்லு."

எழுதினாள். அவசரத்தில் நான்கு, ஒன்பது போல விழுந்தது. பக்கத்தில் தெளிவாக எழுத்தாலும் எழுதினாள்.

பேபி கதவருகே நின்றிருந்தாள். சுந்தரி சிலேட்டைத் துடைத்து, மேலே பேபியின் பெயரை எழுதினாள். "ஸாரி பேபி."

"அட வுடுடி. அந்தக் கேஸு எனக்கு வந்திருந்தாலும் ஆபரேஷன்தான். என் கணக்குலயும் சேந்திருக்காது" என்றாள் பேபி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா நீ திருடினது திருடினதுதான். எனக்கு ரெண்டு டீ வாங்கிக் குடு" என்றாள்.

இரண்டேகாலுக்கு வாசலில் அப்பா குடையோடு நின்றிருந்தார்.

"எத்தனை ஆச்சு?"

"பத்தொன்பதுதான்பா." நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். சிலேட்டைத் துடைத்ததையும் விடவில்லை.

ராஜாராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குழந்தை?"

"நல்லா இருக்கு."

"தப்பா எழுதினதை அவங்க கண்டுபிடிச்சாங்களா, நீயா சொன்னியா?"

"நானா சொன்னேன்."

"பழைய நம்பரை அழிச்சுடலையே?"

"இல்லப்பா. கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல எழுதி, கையெழுத்துப் போட்டேன்."

முப்பது வருஷம் ஃபைல் பார்த்த மனிதர் மெல்லத் தலையாட்டினார்.

பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. பஸ் ஸானடோரியம் ஸ்டாப்பைத் தாண்டியது. சுந்தரிதான் பேச்சைத் தொடங்கினாள். "பரீட்சை போனா அதோட சரின்னு நீங்க சொன்னது இருக்கேப்பா. நான் ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டு வந்துடறேன்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செப்டம்பர் பரீட்சைக்கு ஃபார்ம் எப்போ கொடுப்பாங்க?"

சுந்தரி அவர் பக்கம் திரும்பினாள். "ஜூன்லப்பா."

"ஜூன்ல எந்தத் தேதி? தெரிஞ்சாச் சொல்லு. இல்லேன்னா தெரியாதுன்னு சொல்லு."

"தெரியாதுப்பா."

"அப்போ திங்கட்கிழமை கேட்டு வச்சுக்கோ" என்றார் அப்பா. குடையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு அஸ்தினாபுரம் என்று கண்டக்டரிடம் சில்லறையை நீட்டினார்.