சீதனச் சோளம்

1934, தை மாதம். சுந்தரபாண்டியத்துக் களத்தில் அன்று இருந்தவர்கள் ஐந்து பேர். நிலத்துக்காரர் பால்துரை, அவர் மகன் நேசையன், நேசையனின் மனைவி அன்னாள், அவள் அப்பா வ. புதுப்பட்டி ஊர்க்காரர் வேதசிரோமணி, ஊர் ஊராகப் போய்ப் பயிர்முறை செய்துகாட்டும் விவசாய இலாகா டிமான்ஸ்ட்ரேட்டர் சாரங்கபாணி. வேறு யாரும் இல்லை.

குவித்துப் போட்டிருந்த சோளக்கதிர்களில் பாதிக்கு மேல் மணியே இல்லை. மணி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறச் சின்னப் பைகள். பால்துரை ஒன்றை நசுக்கினார். விரலெல்லாம் கரி.

“பாத்தீரா சம்பந்தி? உம்ம மக கால் வச்ச ராசி. சோறு பொங்க முடியாது, வருஷம் பூரா பல்லு வெளக்கலாம்.”

“ராசியும் இல்லை, ஒண்ணும் இல்லை” என்றார் சாரங்கபாணி. “இது கரிப்பூட்டை. காளான் மாதிரி ஒண்ணு. போன வருஷத்துக் கரித்தூள் விதைமேல ஒட்டியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. விதை முளைக்கிறப்ப அதுவும் முளைச்சு குருத்துக்குள்ள புகுந்துடும். பயிர் பச்சைப்பசேல்னு நிக்கும். கதிர் வர்றப்பதான் குட்டு வெளிப்படும்.”

“அப்ப இந்தக் கதிரெல்லாம் எப்படி சார் தப்பிச்சுது?” நேசையன் நல்ல கதிர் ஒன்றை எடுத்துக் காட்டினான்.

“சில நாத்து விறுவிறுன்னு வளந்து அதை முந்திக்கும். சில ரகம் எதிர்த்து நிக்கும். மத்ததை நாமதான் காப்பாத்தணும். விதைக்கிறதுக்கு முந்தி கந்தகப் பொடி போட்டுக் குலுக்கினாப் போதும். இது எந்த வீட்டு விதை?”

எல்லோரும் வேதசிரோமணியைப் பார்த்தார்கள்.

ஆவணியில் அன்னாளுக்குச் சீதனமாக வந்த விதை அது. அந்த வீட்டுப் பெண் எங்கே வாழப்போனாலும் இரண்டு மரக்கால் விதைச்சோளம் கூடப் போகும். அறுப்பின் பண்டிகையில் மூன்று தலைமுறையாக அவர்கள் வீட்டுக் கதிர்க்கட்டுக்குத்தான் ஆலயத்தில் முதல் இடம். கந்தகம் வாங்கச் சொன்னவர்களிடம், “சீக்காளி வீட்டுக்குத்தான் மருந்து” என்று சொல்லி அனுப்பியவர் வேதசிரோமணி.

போன தையில் அவர் புஞ்சையிலும் சில கதிர்கள் கருத்திருந்தன. பால்துரை வீட்டார் பெண் பார்க்க வரவிருந்த வாரம். வயலில் வைத்து எரித்தால் புகையைப் பார்த்து ஊர் கூடும். அன்னாளை அழைத்து, கரிக்கதிர்களை ஒரு ஓலைக் கடகத்தில் போட்டு, மேலே துணி மூடி, விதை அறைக்குள் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். பிறகு அடுப்பில் போட்டுவிடலாம் என்றிருந்தார். கல்யாணப் பேச்சில் மறந்துபோயிற்று. துணியை மீறிக் கடகத்துக் கரி பக்கத்திலிருந்த விதைக்கதிர்மேல் படிந்தது. விதைக்காகக் கதிரடித்தபோது மணியோடு கரியும் கலந்தது.

“எங்க வீட்டு விதை சுத்தம்” என்றார் இப்போது.

அன்னாள் தலையை நிமிர்த்தி ஒரே ஒரு தடவை அப்பாவைப் பார்த்தாள். கடகத்தைச் சுமந்தவள் அவள். சொல்லிவிடுவாளோ என்று அவர் பயந்தார். அவள் குனிந்து, சிந்திய கரியைத் துடைப்பத்தால் கூட்ட ஆரம்பித்தாள்.

“கேட்டீரா சார்? விதை சுத்தமாம். மண்ணு எங்க அப்பன் பாடுபட்ட மண்ணு. பொறவு மிச்சம் யாரு?” பால்துரை வேதசிரோமணியிடம் திரும்பினார். “உம்ம பிள்ளையக் கூட்டிட்டுப் போவும். அடுத்த அறுப்பு வெள்ளையா வந்தா ஆள் அனுப்புதோம்.”

நேசையன் கையிலிருந்த நல்ல கதிரைக் குவியலில் போட்டான்.

திரும்பும் வழியில் வண்டியில் அன்னாள் கேட்டாள்: “அந்தக் கடகத்தை அன்னைக்கே எரிச்சிருந்தா என்னப்பா?”

“பேசாம வா தாயி.”

அதன்பின் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அடுத்த வருஷம் நேசையன் வேறு விதை வாங்கிக் கந்தகம் போட்டு விதைத்தான். கதிர் வெள்ளை வெளேரென்று வந்தது. அதுவே அவளுக்கு எதிரான சாட்சியாயிற்று. அவள் போனாள், கரியும் போயிற்று என்றார்கள். யாரும் அழைக்க வரவில்லை.

அப்பா வீட்டு விதைக்கு ஆண்டுதோறும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு கந்தகம் குலுக்கியவள் அன்னாள்தான். கதிர் சுத்தமாக விளைந்தது. ஆலயத்தில் முதல் இடமும் போகவில்லை. 1937 பங்குனியில் காய்ச்சல் கண்டு ஒன்பதாம் நாள் இறந்தாள். அடக்கத்துக்கு வந்திருந்த பால்துரை, “நல்ல பிள்ளைதான், ராசிதான் இல்லை” என்று யாரிடமோ சொன்னார். வேதசிரோமணி காதில் விழும் தூரத்தில்தான் நின்றார்.

மகளின் குழிமேட்டருகே அவர் எல்லோர் முன்னிலையிலும், கரி தன் வீட்டு விதையில்தான் இருந்தது என்று ஒப்புக்கொண்டதாக இரண்டு ஊரிலும் ஒரு பேச்சு உண்டு. அது பொய். அவர் வாய் திறக்கவில்லை.