நாச்சியம்மையின் வெந்நீர்

சொக்கப்பச் செட்டியார் காஜா பேராங் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவை வாங்கியதே நீச்சல் குளத்துக்காக என்றால் மலாக்காவில் யார் நம்புவார்கள்? மனுஷருக்கு நீந்தவே தெரியாது. எல்லாம் போலியோவில் வலது கால் சூம்பிப்போன மகள் நாச்சியம்மைக்காக. துரைசானியின் மூட்டுவலிக்கென்று அந்தக் குளத்துக்குக் கேஸ் ஹீட்டர் வைத்திருந்தார்கள். சுதந்திரம் வரப்போகிறது என்றதும் துரை மூட்டை கட்டிவிட்டார்.

"தினமும் சுடுதண்ணியில எறக்கி காலை நீட்டி மடக்குங்க, புள்ள நடந்துருவா. விட்டுட்டா முட்டி மடங்கினபடியே இறுகிரும்," என்று டாக்டர் மாணிக்கவாசகம் சொல்லிவிட்டு, மேல்படிப்புக்குச் சிங்கப்பூர் போனார்.

பிள்ளையும் தண்ணீருக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து ஹீட்டர் துருப்பிடித்து ஓட்டையாகி வாயைப் பிளந்தது.

செட்டியார் ஹீட்டர் விற்கும் தியாகுவின் கடைக்கு ஓடினார்.

"சின்னது ஒண்ணு கையில இருக்கு செட்டியாரே. நாளைக்கே மாட்டிறலாம். குளம் பூரா வெதுவெதுன்னுதான் இருக்கும். பெரிசு வேணும்னா சீமையிலேருந்து கப்பல்ல வரணும் லா."

"எம் மகளுக்கு வாங்குறதுல கொறை வைக்கப்படாது. பெரிசையே வரவழை."

அவர் சுபாவம் அது. பெண் பிறந்த நாள் முதல் கல்யாணச் சீருக்கென்று வாங்கி, வைக்கோல் சுற்றி உள்ளறையில் அடுக்கிய பாத்திரங்களும் அப்படித்தான், கடையில் இருப்பதிலேயே பெரிசு. இந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

சூயஸ் கால்வாய் அடைபட்டது. கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தன. சின்ன ஹீட்டரையாவது கொடு என்று செட்டியார் திரும்பப் போனபோது தியாகு அதை எவனோ ஓட்டல்காரனுக்கு விற்றிருந்தான். பச்சைத் தண்ணீரில் இறக்கினால் பிள்ளைக்குக் கால் குரக்களி இழுத்தது. வீல் வீலென்று அழுதாள். செட்டியாரின் மனைவி வடிவாம்பாள் ஆச்சி சொம்பு சொம்பாகச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்த்தாள். முட்டி கொஞ்சம் கொஞ்சமாக மடங்கிக்கொண்டே போனது.

சுதந்திரம் வந்து ஊரெல்லாம் மெர்டேக்கா கொடி பறக்கும்போது ஹீட்டர் வந்து சேர்ந்தது. மாட்டினார்கள். குளம் இதமாகச் சுட்டது. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய டாக்டர் பிள்ளையை இறக்கி, காலை நீட்டப் பார்த்தார். அசையவில்லை.

"இறுகிப்போச்சு செட்டியாரே. இனி இது நீளாது. இத்தனை மாசமா என்ன செஞ்சீங்க?"

"கப்பல் வரலையே டாக்டர்."

"குளம் எதுக்குங்க? புள்ள காலை நீட்டி உக்கார்ற மாதிரி ஒரு பெரிய அண்டா, விறகடுப்புல காய்ச்சின தண்ணி. அது போதுமே! உங்க வீட்டுல இல்லாத அண்டாவா?"

செட்டியார் வடிவாம்பாளைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சீர்ப் பாத்திரத்துல கல்யாணத்துக்கு முந்தி தண்ணி படக்கூடாதுன்னே இருந்துட்டேன். அதை எடுக்கலாம்னு நெனப்பே வரலைங்க," என்று விம்மினாள்.

அவருக்கு மட்டும் வந்ததா? ராத்திரி பகலாய்த் துறைமுகத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவர், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்ததை நினைக்கவில்லை. உள்ளறைக்குள் போனார். வைக்கோலைப் பிய்த்தெறிந்து, இருப்பதிலேயே பெரிய அண்டாவைக் குளத்தங்கரைக்கு உருட்டி வந்தார். தண்ணீரை மொண்டு ஊற்றி, மகளைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தார். இனி அதனால் ஒரு பயனும் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

நாச்சியம்மை நல்ல காலை நீட்டினாள். அண்டாவின் மறுபக்கம் எட்டவில்லை.

"இதுல எம்புட்டு எடம் இருக்கு அப்பச்சி!" என்றாள்.