குதிரை நகர்ந்த பாஞ்சோ

வேன் திருச்சுழி ரோட்டில் ஏறியதும் ஜெயக்குமார் ஜன்னலை விட்டு உள்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தான். இன்னும் பத்து நிமிடத்தில் மாரிசெல்வத்தின் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கு வந்துவிடும். எட்டு வருடமாக அந்த விலக்கில் மாண்டலின் பெட்டியோடு நிற்பவன் அவன். அவனை ஏற்றிக்கொள்ளாமல் கச்சேரி வேன் ஒருநாளும் போனதில்லை.

இன்று போகும். காரணம், ஜெயக்குமார் மடியில் கிடந்த ஆறு கம்பி பாஞ்சோ. பார்க்கத்தான் கஞ்சிராவுக்குக் கழுத்து முளைத்த மாதிரி இருக்கும். சுருதி கூட்டுவதெல்லாம் கிட்டார் போலத்தான். கிட்டார்க்காரனான ஜெயக்குமார் புதிதாக எதையும் பழக வேண்டியிருக்கவில்லை. ஆசைக்கு வாங்கிய மகராசன் சும்மா இருந்தானா? மாரிசெல்வம் வராத ஒரு ஒத்திகையில், பாட்டுக்கு நடுவே மாண்டலின் வாசிக்கிற இசைத் துண்டுகளையும் அதில் அடித்துக் காட்டினான்.

"அப்ப மாண்டலின் எதுக்குய்யா? நீயே அவன்ட்ட பக்குவமாச் சொல்லிரு," என்றார் குழுவை நடத்தும் நவநீதகிருஷ்ணன்.

ஜெயக்குமார் தலையாட்டிவிட்டான். ஒரு வாரமாகப் போனை எடுப்பான், வைப்பான். கூட்டாளி பிழைப்பில் மண்ணைப் போடத் தெரிந்தவனுக்கு அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

விலக்கில் கருவேல நிழலில் நின்ற மாரிசெல்வம் சிரித்தபடி கையைத் தூக்கினான். வேன் நிற்கவில்லை. ஜெயக்குமார் குனிந்து, நன்றாயிருந்த செருப்பைச் சரிசெய்தான்.

திருச்சுழியில் கல்யாண வரவேற்பு. மேடையேறும் முன் புதுக் கம்பி போடுவது அவன் வழக்கம். கிட்டாரில் செய்வதுபோல ஆறு கம்பியையும் ஒருசேரக் கழற்றினான். கம்பிகளைத் தாங்கி நின்ற சின்ன மரக்குதிரை பொத்தென்று விழுந்தது. கிட்டாரில் அது ஒட்டியிருக்கும். இதில் கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கும். குத்துமதிப்பாக நிறுத்திவைத்துக் கம்பியைப் பூட்டினான்.

முதல் பாட்டிலேயே குட்டு வெளிப்பட்டது. விரல் கழுத்தில் ஏற ஏறச் சுருதி விலகியது. கிட்டாராக இருந்தால் மற்ற சத்தத்தில் அமுங்கியிருக்கும். பாஞ்சோ குடம் உருண்ட மாதிரி மண்டபம் முழுக்கக் காட்டிக்கொடுத்தது. நவநீதகிருஷ்ணன் பல்லைக் கடித்தார்.

பாட்டு முடிந்ததும் பின்படி வழியாக மாரிசெல்வம் ஏறி வந்தான். பஸ்ஸில் வந்திருக்கிறான், சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"ஏலே, டிரைவர் என்னைய மறந்துட்டான்லே! கத்திக்கிட்டே பின்னால ஓடுறேன், திரும்பியே பாக்கல. அது கெடக்கட்டும், குதிரை நகந்துருக்கு, குடு இப்பிடி."

மாண்டலினிலும் குதிரை ஒட்டியிருக்காது. அவனுக்கு அது கைவந்த வேலை. பாஞ்சோவை மடியில் வாங்கி, கம்பியைத் தட்டிக் கேட்டுக் கேட்டு, நகத்தால் குதிரையை மயிரிழை நகர்த்தினான்.

பழி டிரைவர் மேல் வசதியாக உட்கார்ந்திருந்தது. அப்படியே விட்டுவிடலாம். ஜெயக்குமாருக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

"டிரைவர் மறக்கலடா. மாண்டலின் வேண்டாம்னு சொல்லிட்டாக. உன் துண்டையெல்லாம் இதுல வாசிச்சுக் காட்டுனது நான்தான். ஒரு வாரமா உன்ட்ட சொல்லாம இருந்ததும் நான்தான்."

மாரிசெல்வத்தின் நகம் குதிரை மேலேயே நின்றது. பிறகு கடைசிக் கம்பியையும் தட்டிக் கேட்டான். இன்னும் கொஞ்சம் நகர்த்தினான். பாஞ்சோவை நீட்டினான்.

"இப்ப சுத்தமா இருக்கு. வாசி."

பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டான்.

அடுத்த பாட்டில் மாண்டலின் துண்டு வந்தது. ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. வாசலில் நின்ற மாரிசெல்வம் அது முடியும்வரை கேட்டுவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தான். மண்டபம் கைதட்டியது. ஜெயக்குமார் தலையை நிமிர்த்தவே இல்லை.