முதல் தண்ணீர் வரைந்த காலை

மேட்டூர் அணை திறந்து ஒரு வாரமாகியிருந்தது. மதகு திறந்துவிடும் லஸ்கர் தங்கையன் முந்தின நாளே போன் செய்துவிட்டார்.

"மேடம், நாளைக்குக் காலைல நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி வந்துரும். ஏழு மணின்னு வச்சுக்குங்க."

சுடர்விழி பாபநாசம் பக்கத்து ஊர் ஒன்றுக்கு விஏஓ. அதற்கு முன்னால் கும்பகோணத்தில் ஓவியம் படித்தவள். வெடித்துக் கிடக்கும் வாய்க்காலில் முதல் தண்ணீர் நுழைவதை நேரில் பார்த்து வரைய வேண்டும் என்று ஐந்து வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் அரை மணி நேரம்தான் அந்தக் காட்சி. முதல் வருஷம் நிறைமாதம். அடுத்த வருஷம் கைக்குழந்தை. பிறகு இரண்டு வருஷம் தாலுகா ஆபீஸில் ஜமாபந்திக் கணக்குத் தணிக்கை. போன வருஷம் மகளுக்குக் காய்ச்சல். தண்ணீர் யாருக்காகக் காத்திருக்கும்?

இந்தத் தடவை லீவ் எழுதிக் கொடுத்துவிட்டாள். "பாப்பாவ நான் பாத்துக்கறேன், நீ போயிட்டு வா" என்றான் கணவன் இளம்பரிதி. காலையில் தூக்கத்தில் தன்மேல் போட்டிருந்த மகளின் காலை மெல்ல எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

மதகுச் சுவரில் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்தாள். எதிர்க்கரையில் செந்தில்குமாரின் முள்வேலி. வாய்க்கால் புறம்போக்கில் இரண்டடி உள்ளே வந்திருப்பது ஊருக்கே தெரியும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? விஏஓ தன் வேலிப்பக்கம் பார்ப்பதும் குனிந்து கோடு போடுவதுமாக இருந்தால் அந்த மனுஷன் என்ன நினைப்பார்?

"மேடம், நானே பிடுங்கிடறேன். ஸ்கெட்ச்ல ஏத்திராதீங்க" என்று ஓடிவந்து கம்பை அசைக்க ஆரம்பித்துவிட்டார்.

அவள் விளக்கம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தங்கையன், "மேடம் ஆபீஸ் வேலையா இருக்காங்க, யாரும் குறுக்க போவாதீங்க" என்று தண்ணீர் பார்க்கக் கூடியிருந்தவர்களை ஒதுக்கினார். முதல் தண்ணீரில் தூவப் பூவும் நெல்லும் கொண்டுவந்திருந்த பெண்கள்கூடத் தள்ளி நின்றுகொண்டார்கள். இப்படி ஒரு நிம்மதியை இத்தனை வருஷத்தில் யாரும் அவளுக்குக் கொடுத்ததில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

தண்ணீர் வந்தது. நுரையும் மூங்கில் சருகும் ஒற்றைச் செருப்புமாக, பழுப்பாக, அவசரமில்லாமல் வந்தது. ஒவ்வொரு வெடிப்பாக இறங்கி நிரப்பிவிட்டு முன்னே நகர்ந்தது. வளைகளிலிருந்து நண்டுகள் வெளியே ஓடின. முதல் தாள் பாழ். இரண்டாவதும் சரியில்லை. மூன்றாவதில் கை பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. கரித்துண்டு தேய்ந்து விரல் தாளில் உரசியபோதுதான் தான் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது. இதற்காக எவ்வளவு தவித்துப்போயிருந்தோம் என்று நினைத்தாள்.

வீட்டில் மகள் நிறைமதி இட்லி தின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா ஆபீஸ்லேருந்து வந்துருச்சு" என்று சிரித்தாள்.

"எந்திரிச்சதும் உன்னத்தான் தேடுச்சு. ஆபீஸ்னு சொன்னேன், அழுவல" என்றான் இளம்பரிதி தணிந்த குரலில்.

உண்மைதான். ஆபீஸ் என்றால் பிள்ளை டாட்டா காட்டும். அதை அப்படியே விட்டுவிடலாம். அடுத்த வருஷத்துக்கும் அந்தப் பொய் போதும், அதற்கடுத்த வருஷத்துக்கும் போதும். மகள் வளர்ந்து பெரியவளாகும்வரை அம்மாவுக்கு ஆபீஸ் மட்டும்தான் இருந்தது என்றே நினைத்துக்கொண்டிருப்பாள். சுடர்விழிக்கு அது பொறுக்கவில்லை.

"ஆபீஸ் போகலடா. அம்மா படம் வரையப் போனேன்."

நிறைமதி மெல்லுவதை நிறுத்தினாள். "என்னைய விட்டுட்டா?"

"ஆமா. உன்னை விட்டுட்டுத்தான்."

தட்டு எகிறி விழுந்தது. பிள்ளை வீறிட்டு அழுதபடி ஓடிவந்து இரண்டு கையாலும் அடித்தது.

"ஏன் சுடர், சும்மா இருந்த பிள்ளைய..." என்றான் இளம்பரிதி.

கரி படிந்த கையோடு அவள் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அடியெல்லாம் நெஞ்சில் விழுந்தது. அழுகை ஓய வெகுநேரம் ஆயிற்று. அதுவரைக்கும் அவள் ஆபீஸ் என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை.