குட்னியின் சாவுச் செய்தி

என் மனைவி குட்னி செத்த அன்று அவள் தங்கை யோருன் முதலில் கேட்டது, "பேப்பருக்குச் சொல்லியாச்சா?" என்றுதான். நார்வே முழுக்க அப்படித்தான். பேப்பரைப் பார்த்துத்தான் அடக்கத்துக்கு வருவார்கள்.

எந்தப் பேப்பருக்குச் சொல்வது? உருக்காலைத் தொழிலாளிகள் தங்கள் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்து ஆரம்பித்த எங்கள் பத்திரிகையை மூடி இரண்டு வருடம் ஆகிறது. போர்க்காலத்தில் ஜெர்மன்காரன் அச்சு இயந்திரத்தைத் தூக்கிப் போனபோதுகூட அது சாகவில்லை. சந்தா குறைந்துவிட்டது என்றார்கள். நான் நம்பவில்லை. எங்கள் தொழிலாளர் கட்சிக்காரர்களுக்கே அது சுமையாகிவிட்டது.

மிச்சம் இருப்பது முதலாளிகள் பத்திரிகை. பழைய வேலைநிறுத்தத்தின்போது குட்னியின் அப்பாவைத் திருடன் என்று எழுதியது அதுதான். அந்தத் தாளில் அவள் மீன்கூடச் சுற்றமாட்டாள். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பேரு அதுல வரக் கூடாது" என்றாள்.

"பொறந்து வளந்த ஊரு, சிவெர்ட். ஒருத்தரும் வராம அவ மண்ணுக்குள்ள போகணுமா?" என்றாள் யோருன்.

"அவ சொல்லிட்டா."

"செத்தவ எந்திரிச்சு வந்து பேப்பர் படிக்கப்போறாளா? கழுதைப் பிடிவாதம் உனக்கு!"

"அது தெரிஞ்சுதான் என்னைக் கட்டிக்கிட்டா."

கூட்டுறவுக் கடைக் கதவில் அடக்கம் என்றைக்கு என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். மறுநாள் அதன்மேல் யாரோ பூனையைக் காணோம் என்று ஒட்டியிருந்தார்கள். அதைக் கிழித்தேன். அடுத்த நாள் பூனை மறுபடி வந்துவிட்டது.

தேவாலயத்தில் நானும் யோருனும் மட்டும். சற்று நேரம் காத்திருக்கலாமா என்றார் பாதிரியார். யாருக்காக என்று கேட்டேன்.

மணி அடித்து முடிந்தபின் ஹல்வார் வந்தான். எங்கள் பத்திரிகையின் கடைசி ஆசிரியர். இப்போது முதலாளிகள் பத்திரிகையில் சம்பளம் வாங்குகிறான். என் காதருகே குனிந்தான்.

"நாளைக்கு நாலு வரி எழுதட்டுமா? அவங்க அப்பா திருடலைன்னும் சேத்துப் போட்டுடறேன்."

"எதுல?"

அவன் தன் பூட்ஸைப் பார்த்தான். "இருக்கறது ஒண்ணுதானே."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. சவப்பெட்டியைப் பார்த்தேன்.

"வேணாம். வந்துட்டேல்ல, உக்காந்து பாடு."

பாடினான். நல்ல குரல். நாற்பது பேருக்கு யோருன் போட்டுவைத்த காபியை நாங்கள் மூன்று பேரும் குடித்தோம்.

ஒரு மாதம் கழித்து ரொட்டி வாங்கப் போனேன். உருக்காலை உலையில் என்னோடு வேலை பார்த்த ஓலாவ் எதிரே வந்தான். மழை, முழங்கால் வலி என்று பேசிவிட்டுக் கிளம்பும்போது, "குட்னிய கேட்டதாச் சொல்லு" என்றான்.

"சொல்றேன்" என்றேன்.