ஐஸ் அறைக்குள்ளால் வந்த குழாய்

திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு மீன் கம்பனி. அதன் குசினியில் ஜெஸீமா சொதியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். காஸ் அடுப்பு இரண்டு தரம் பொருமியது. அடுத்த கணம் நெருப்பு கூரைத் தகரம்வரை எழும்பி, அவள் புருவத்தைப் பொசுக்கியது.

"யா அல்லாஹ்!"

முற்றத்தில் போய் விழுந்தாள். தான் உயிரோடு இருப்பது விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

பைப் வேலை பார்க்கும் ஆனந்தராசா ஓடிப்போய் அடுப்பையும் சிலிண்டர்களையும் பூட்டி நெருப்பை அணைத்தார். அதற்குள் வாசல் காவலரணான சென்றியிலிருந்து ஆமிக்காரர் வந்துவிட்டார்கள். யுத்த காலம். நெருப்பு எழும்பினால் குண்டு என்றுதான் நினைப்பார்கள். தமிழ் தெரிந்த ஒருவன் ஆனந்தராசாவைச் சுவரோடு சாத்தித் துவக்கை நீட்டினான்.

"குண்டில்லை சேர், காஸ். சிலிண்டர் சென்றிக்குத் தெரியவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? வெயிலுக்குள்ள வச்சிட்டு, குழாயை ஐஸ் அறைக்குள்ளால கொண்டுவந்தனான். சூட்டில வந்த காஸ் அந்தக் குளிரில தண்ணியாகித் தேங்கியிருக்கு. அதுதான் அடுப்புக்குள்ள பாஞ்சது."

"பொய்! காட்டு."

குசினிக்கு வெளியே குழாய் தாழ்ந்து வளையும் இடத்தில் இருந்த மூடியை ஆனந்தராசா கழற்றினார். பளிங்குபோல ஒரு திரவம் வெறும் பால்மா டின்னுக்குள் சீறி விழுந்தது. நெருப்பில்லாமலே கொதித்தது, டின்னைச் சுற்றி வெள்ளையாய்ப் பனி படர்ந்தது. ஜெஸீமா குனிந்து பார்த்தாள். இதுவா இவ்வளவு நாளும் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது?

"பத்துமா, பாப்பம்," என்று ஆமிக்காரன் சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்தான்.

ஜெஸீமா பாய்ந்து அவன் கையில் ஓங்கி அடித்தாள். லைட்டர் மீன் கழுவும் தொட்டிக்குள் விழுந்தது. துவக்கு அவள் நெஞ்சுக்குத் திரும்பியது.

"சுட்டுடாதீங்க! ஒரு பொறி பறந்தா நீங்களும் மிஞ்சமாட்டீங்க!"

ஆனந்தராசா மற்ற ஆமிக்காரருக்கும் விளங்க அதையே சிங்களத்தில் கத்தினார். அவன் டின்னை எட்டிப் பார்த்தான். அதற்குள் ஒரு சொட்டும் இல்லை. எல்லாம் காஸாகி, அவர்கள் கால்களைச் சுற்றி நின்றது. அவன் முகம் வெளிறியது. துவக்கைத் தாழ்த்திக்கொண்டு, பின்பக்கமாகவே வாசற் படலைவரை போனான்.

சிலிண்டர்களைக் குசினிச் சுவரோரம் நிழலில் வைக்க அன்றே அனுமதி வந்தது. ஆனந்தராசா ஐஸ் அறைக் குழாயை அறுத்தெடுத்தார்.

ஜெஸீமா கதிரையில் இருந்தாள். அடித்த கையை விரித்துப் பார்த்தாள்.

"அண்ணே, ஆமிக்காரனுக்கா நான் அடிச்ச?"

"ஓம் தங்கச்சி."

"என்ட ரப்பே!" என்றவள் விம்மி அழத் தொடங்கினாள்.