நோமின் கேட்டது

வெள்ளிமலையில் பஸ் நின்றதும் பட்டாசு வெடித்தார்கள். தமிழ்ப்ரியா தலையைக் குனிந்து இறங்கினாள். பதினைந்து வயதிலேயே பஸ் வாசல் இடிக்கும் உயரம். மலேசியாவில் நடந்த, பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஆசியக் கூடைப்பந்துப் போட்டியில் இந்திய அணிக்காக ஆடிவிட்டு வந்திருந்தாள். கல்வராயன் மலையின் மகளே வருக என்று ஃபிளக்ஸ் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு முதன்முதலில் பந்தைக் கையில் கொடுத்த உடற்கல்வி ஆசிரியை செந்தமிழ்ச்செல்வி, மாலை போட்டுவிட்டு, போட்டோவுக்காக ஒரு பந்தை நீட்டி இரண்டு தட்டு தட்டச் சொன்னார். அவள் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கூச்சப்படுகிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

மங்கோலியாவை ஜெயித்ததைப் பற்றித்தான் ஊர் திரும்பத் திரும்பக் கேட்டது. கடைசி நிமிடம்வரை இழுபறி. வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்காக இவளும் எதிரணியின் நோமின் என்ற பெண்ணும் ஒன்றாக எழும்பினார்கள். பந்து இவள் கைக்கு வந்தது. இறங்கும்போது இவளுடைய எடை முழுவதும் அந்தப் பெண்ணின் முட்டியின்மேல் இறங்கியது. காய்ந்த மரவள்ளிக் குச்சியை ஒடித்ததுபோல ஒரு சத்தம். நடுவர் விசில் ஊதவில்லை. கூட ஆடுகிறவர்கள் கத்த, இவள் பந்தைக் கூடையை நோக்கி வீசினாள். அதுவே கூடைக்குள் விழுந்து வெற்றியானது. மற்றவர்கள் வந்து கட்டிக்கொண்டபோதுதான் தமிழ்ப்ரியா திரும்பிப் பார்த்தாள். தவறு யார்மேலும் இல்லை, விளையாட்டில் இப்படி நடக்கும் என்று பயிற்சியாளர் சொன்னார். மறுநாள் ஆட்டத்தில், பந்து தலைக்கு மேலே வந்தபோதெல்லாம் இவள் கால்கள் தரையைவிட்டு எழவில்லை. பாதியில் வெளியே உட்காரவைத்தார்கள். அணி தோற்றது.

இதில் எதையும் அவள் வீட்டில் சொல்லவில்லை. அப்பா மாதன் ஃபிளக்ஸைக் கேட்டு வாங்கிவந்து, மழை ஒழுகுகிற பக்கமாகக் கூரைமேல் போட்டிருந்தார். அம்மா ஆயம்மாளோடு தமிழ்ப்ரியா சாமைக் கொல்லையில் களை எடுக்கப் போனாள். அம்மாதான் கேட்டாள்.

"இன்னா தமிழு, வந்ததுலேர்ந்து சோறு எறங்கல உனக்கு?"

அப்போது சொன்னாள். சொல்லும்போது அழுகை வரவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. ஆயம்மாள் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணோட அம்மா அங்க இருந்துச்சா?"

"இருந்தாங்க. அவ கால புடிச்சிக்கினு குந்தினு இருந்தாங்க. நான் கிட்ட போனேன். என்ன நிமிந்துகூட பாக்கலம்மா."

ஆயம்மாள் களைக்கொத்தை மறுபடி எடுத்தாள். வெகுநேரம் ஒரே இடத்தில் கொத்திக்கொண்டிருந்தாள். களையோடு சாமைப் பயிரும் சேர்ந்து வந்தது.

செந்தமிழ்ச்செல்விதான் இன்ஸ்டாகிராமில் தேடி நோமினைக் கண்டுபிடித்தார். மருத்துவமனைக் கட்டிலில், இடுப்புவரை கட்டுப்போட்ட காலோடு ஒரு படம். கீழே எழுதியிருந்ததை ஃபோன் தமிழாக்கிக் காட்டியது. இன்னொரு அறுவை சிகிச்சை இருக்கிறதாம். அதற்குப் பிறகும் ஆட முடியுமா என்று டாக்டர்கள் சொல்லவில்லையாம். படிக்கப் படிக்க ஆசிரியையின் குரல் இறங்கிவிட்டது. அன்று மாலை தமிழ்ப்ரியா, "என்னை மன்னித்துவிடு" என்று எழுதி, ஃபோன் மங்கோலிய மொழிக்கு மாற்றிக் கொடுத்த எழுத்துகளை அனுப்பினாள். அவை அவளுக்குப் பூச்சிகள் வரிசையாகப் போவதுபோல இருந்தன.

பதிலே வராது என்றுதான் நினைத்திருந்தாள். சில நாட்கள் கழித்து, சிக்னல் கிடைக்கிற சாலை வளைவில், விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு அம்மாவும் அவளும் நின்றிருந்தபோது வந்தது. மன்னித்தேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. ஒரே ஒரு வரி.

"அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தீர்களா?"

தமிழ்ப்ரியா அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள்.

"ஜெயிச்சோம்னு போட்டுடட்டாம்மா? அவ கால் போனதுக்கு அதாவது இருக்கட்டும்."

ஆயம்மாள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசமா கேட்டுருக்குது அந்தப் பொண்ணு. நெசத்த சொல்லிடு."

தோற்றுவிட்டோம் என்று எழுதினாள். வலிக்கிறதா என்று அடுத்து எழுதி, அதை மட்டும் அழித்தாள். அனுப்பியபோது சிக்னல் போய்விட்டது. திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து வருகிற பஸ் வளைவில் ஏறிவந்து அவர்களுக்காக நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, அடையாளம் தெரிந்து சிரித்தார். ஏறவில்லை என்று ஆயம்மாள் கையசைத்தாள். ஜன்னலோரம் இருந்த ஒரு சின்னப் பெண் எழுந்து நின்று தமிழ்ப்ரியாவுக்கு டாட்டா காட்டினாள். பஸ் நகர்ந்து, பனிமூட்டத்துக்குள் போய், அதன் சிவப்பு விளக்கு மறைகிறவரைக்கும் அந்தக் கை ஆடிக்கொண்டே இருந்தது.